என் கிரகத்துக்கு ஓர் அர்ச்சனை

என் கல்யாணம் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு கிரகம். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இங்கே முக்கால்வாசிக் கல்யாணங்கள் கிரகத்தால்தான் நிற்கின்றன. ஒன்றைச் செவ்வாய் நிறுத்தும், இன்னொன்றை ராகு நிறுத்தும். ஆனால் என் கல்யாணத்தை நிறுத்திய கிரகம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. அது நம் சூரியனைச் சுற்றுவதே இல்லை. எங்கோ இருக்கும் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. அந்த வெளிச்சம் இங்கே வந்துசேரவே நூற்றுக்கணக்கான வருடங்கள் ஆகும். அவ்வளவு தூரத்தில் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்ததை எங்கள் ஊரான அன்னூர் வரைக்கும் இழுத்துவந்து குடும்ப விவகாரத்தில் மாட்டிவிட்ட பெருமை என் உறவுக்காரர்களையே சேரும்.

நான் அப்போது அவினாசி சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இயற்பியல் துறை. என் ஆராய்ச்சி முழுக்க அந்த ஒரு கிரகத்தைப் பற்றியது. வியாழனைப் போல மிகப் பெரிய வாயுக் கோளம். தரை என்று ஒன்று கிடையாது, எல்லாம் காற்றுதான். நம்முடைய வியாழன் மரியாதையாகச் சூரியனைவிட்டு எட்ட நின்று, ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொள்கிறது. இதுவோ தன் நட்சத்திரத்தின் மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு மூன்றரை நாளில் ஒரு சுற்றை முடித்துவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இருட்டு. சூட்டில் ஊதி, பூரி மாதிரி உப்பிப்போய்க் கிடக்கிறது. அதற்குப் பெயரும் இல்லை. டவுன்பஸ்ஸுக்கு இருப்பதுபோல் சில எழுத்தும் எண்ணும்தான்.

அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. அது தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறைச்சலை வைத்துத்தான் மற்றதையெல்லாம் கணக்கிட வேண்டும். விண்வெளியில் இருக்கும் ஒரு தொலைநோக்கி எடுத்த தரவுகளை இணையத்திலிருந்து இறக்கி, பட்டப்பகலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனால் ஊரில் எல்லோரும் நான் ராத்திரியானால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன் என்று நம்பினார்கள். கல்யாணமாகாத பெண் ராத்திரி மொட்டை மாடிக்குப் போகிறாள் என்றால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் அவள் கேட்கிறவர்களிடமெல்லாம் நான் கம்ப்யூட்டரில் ஏதோ செய்வதாகச் சொல்லிவைத்திருந்தாள். அது பொய்யும் இல்லை.

முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு அது வயதல்ல, வியாதி. பார்க்கிறவர்கள் எல்லாம் மருந்து சொல்வார்கள். அப்படி ஒருவர் சொன்ன மருந்துதான் அந்தப் பொள்ளாச்சி மாப்பிள்ளை. தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அவர் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஜாதகத்தில் பொருத்தம் எல்லாம் பிரமாதமாக இருந்தது. எனக்கு அப்போது குருபலம் வேறு வந்திருந்தது. குரு என்கிற வியாழன் ராசிக்கு நல்ல இடத்தில் இருந்தால்தான் கல்யாணம் கூடும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். வருடத்துக்கு ஒரு ராசி வீதம் அது நகர்வதால், தவறவிட்டால் மறுபடி காத்திருக்க வேண்டும். அதனால் வீட்டில் அவசரமாகப் பெண் பார்க்க ஏற்பாடு நடந்தது.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஒப்புட்டு என்கிற போளியும் லட்டும் காபியும் சாப்பிட்டார்கள். என்னைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நான் என்ன படிக்கிறேன் என்று அன்பாகக் கேட்டார். அதோடு நிறுத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கிரகத்தைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. சாமி படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைச் சூரியன் என்றேன். தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்துக் குரு என்றேன். முதலில் வாசற்படி வரைக்கும் போய் நின்று, நம் குரு இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டினேன். பிறகு திரும்பி வந்து, நான் ஆராய்ச்சி செய்வது இங்கே இருக்கிறது என்று சொல்லி லட்டைத் திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன். லட்டிலிருந்து நெய் உருகிச் சொட்டியது.

மாப்பிள்ளை சிரித்தார். அவருடைய தாய்மாமன் சிரிக்கவில்லை. கொப்பரை வியாபாரி. பொழுதுபோக்குக்கு ஜோசியம் பார்ப்பவர், போனிலேயே பஞ்சாங்கம் வைத்திருந்தார்.

“ஏனுங் அம்மணி, அது எப்பவுமே சூரியனுக்கு இத்தன கிட்டத்துலதான் இருக்குமுங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க, எப்பவுமேதானுங்க.”

“வெலகவே வெலகாதுங்களா?”

“வெலகாதுங்க.”

அவர் கையில் இருந்த ஒப்புட்டைத் தட்டில் வைத்தார். “அப்ப அது அஸ்தங்கமுங்க” என்றார்.

குரு சூரியனுக்கு மிகவும் பக்கத்தில் போய்விட்டால் அதன் ஒளி மங்கிவிடும். அதற்குத்தான் அஸ்தங்கம் என்று பெயர். அந்த நாட்களில் யாரும் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். நம் குருவுக்கு அது வருடத்தில் சில வாரங்கள் வந்து போகும். என் கிரகமோ எந்நேரமும் தன் சூரியனோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆக, இந்தப் பெண் ஆயுசுக்கும் அஸ்தங்கமாகிக் கிடக்கும் ஒரு குருவைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஜாதகத்தில் இருக்கும் குருபலம் என்னத்துக்கு ஆகும்? கூடத்தில் இருந்த எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒரே நிமிடத்தில் புரிந்தது. நான் வகுப்பில் பாடம் எடுத்தபோதுகூட இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் எதுவும் புரிந்ததில்லை.

யாரும் முகம் சுளிக்கவில்லை. கொங்கு நாட்டில் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, போன் செய்கிறோம் என்றுதான் சொல்வார்கள். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு, இளநீர் வெட்டிக் கொடுக்கிற பதத்தில் சொல்வார்கள். காயம் பட்டது காருக்குள் அவர்கள் ஏறிப் போன பிறகுதான் தெரியும்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் மூலம் சேதி வந்தது. பெண் தங்கமாம். குடும்பமும் தங்கமாம். வேறு குறையே இல்லையாம். பெண் தன்னுடைய கிரகத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் அப்பா சிரிக்கவில்லை. அவர் அன்னூரில் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் ஒரு கம்பெனி மோட்டார் வேண்டாம் என்றால் இன்னொரு கம்பெனி மோட்டாரை எடுத்துக் காட்டிப் பழகியவர். அவருக்கு அந்தக் கோரிக்கை மிகவும் நியாயமாகப் பட்டது. சூரியனுக்குக் கொஞ்சம் எட்ட இருப்பதாக வேறு கிரகம் எதுவும் இல்லையா என்று என்னிடம் விசாரித்தார். ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்றேன்.

“அப்பறமென்ன கண்ணு, அதுல ஒண்ணை எடுத்துக்கோ. கெரகத்துக்கா பஞ்சம்?” என்றார்.

நான்கு வருட உழைப்பு என்றேன். அதற்கு அவர், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சரியில்லை என்றால் மோட்டாரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கம்பியைத் திரும்பக் கட்டினால் ஓடும் என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, எல்லாம் என் கெரகம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா அதோடு விடவில்லை. எனக்குச் சொல்லாமல் கல்லூரிக்கே போய் என் நெறியாளரைப் பார்த்திருக்கிறார். என் நெறியாளர் யாருடைய அப்பாவைப் பார்த்தாலும் பயந்துகொள்கிறவர். பன்னாட்டுக் கருத்தரங்குகளில் பேசியவர்தான். ஆனால் ஆய்வகத்துக்குப் புதிய கணினி வந்தபோது அதற்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டவரும் அவர்தான். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, உங்கள் அப்பா சொல்வதையும் ஒரு கோணத்தில் யோசிக்கலாம் என்றார். எந்தக் கோணத்தில் என்று கேட்டேன். நெப்டியூன் அளவுக் கிரகங்களில் இப்போது நல்ல வாய்ப்பு இருப்பதாகச் சொன்னார். ஆய்வை விட்டாலும் விடுவேன், கிரகத்தை மாற்ற மாட்டேன் என்றேன். முடிவு எடுக்கும் பொறுப்பு தன் தலையில் விழாமல் போனதில் அவருக்கு ஒரே நிம்மதி. உடனே டீ வரவழைத்தார்.

இவ்வளவு ரோஷம் உள்ளவள் அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல முடியவில்லை. அதற்குள் எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே அவர் போனில் கூப்பிட்டார். வணக்கம் சொல்லிவிட்டு, “உங்க கெரகம் எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டார். நான்கு வருடத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர். எப்போது முடிப்பாய், முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டவர்கள்தான் மற்றவர்கள் எல்லோரும். அங்கே மழை பெய்யுமா என்று இன்னொரு நாள் கேட்டார். அங்கே மேகமே கல்தூசியாக இருக்கலாம் என்று சொன்னேன். அப்படியானால் குடை பத்தாது, ஹெல்மெட்டோடுதான் போக வேண்டும் என்றார். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரியில் சந்தித்து, தேங்காய் பன் தின்றுகொண்டு, அவருடைய மாமனின் அஸ்தங்கத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிக்கத் தெரிந்த ஒருவரைக் கட்டிக்கொண்டால் மற்றவர்களைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அவரும் வேண்டும், கிரகமும் வேண்டும் என்பதுதான் அப்போது என் ஆசை. இரண்டில் எதை விடுவது என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் தாய்மாமனை நானே நேரில் பார்த்துப் பேசுவது என்று முடிவு செய்தேன். பொள்ளாச்சியில் கொப்பரை காயவைக்கும் களத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஆபீஸ். எண்ணெய் வாடை அடிக்கும் அந்த அறையில் உட்கார்ந்து, அவர் சாஸ்திரத்தை வைத்தே அவரை மடக்கப் பார்த்தேன். அஸ்தங்கம் என்பது நம் சூரியனையும் நம் குருவையும் வைத்துச் சொன்ன விதி. இது வேறு வீட்டுப் பிள்ளை, தன் அப்பன் மடியில் உட்கார்ந்திருக்கிறது, அதில் நமக்கு என்ன தோஷம் என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், மனம் மாறவில்லை. ஜோசியத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையும் தோஷம் கொண்டுவரும் போலிருக்கிறது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் குரு ஒரு ராசியில் ஒரு வருடம் முழுக்கப் படுத்துத் தூங்குகிற குரு, என்னுடையது மூன்றரை நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றிவிடும், ஏழு மணி நேரத்துக்கு ஒரு குருப்பெயர்ச்சி, முடிந்தால் அதற்குப் பலன் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். கிண்டலாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. கொப்பரை வியாபாரிக்குச் சரக்கு சீக்கிரம் கைமாறுவதன் அருமை தெரியும்.

“ஏழு மணி நேரத்துக்கு ஒருக்காங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அது உறுதிதானா என்று திரும்பவும் கேட்டார். எந்தத் தொலைநோக்கியிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். நம் குருவிடம் பலம் தவறிப்போனால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தக் குருவிடம் அரை நாள் பொறுத்தால் போதும், பலம் தானாக வந்துவிடும். யாருக்கும் எதுவும் நிரந்தரமாகக் கெட்டுப்போகாது. அப்படிப்பட்ட குருவை வைத்துக்கொண்டா இந்தப் பெண்ணைத் தோஷக்காரி என்று சொன்னோம் என்று அவரே வருத்தப்பட்டார். எனக்கு ஒரு சாக்கு மட்டை உரித்த தேங்காய் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரமே வீடியோ சேனல் ஆரம்பித்துவிட்டார். வேகக் குரு என்று பெயர். தோளில் மஞ்சள் துண்டு, பின்னால் என் கிரகத்தின் கற்பனைப் படம், அவர் கேட்டு நான் அனுப்பியது. தினமும் மூன்று முறை பெயர்ச்சிப் பலன். கோயமுத்தூரும் திருப்பூரும் அதை எப்படி வரவேற்றன என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றெரிச்சல். நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையை உலகத்தில் மொத்தம் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் எல்லோரையும் ஒரே மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம். வேகக் குருவுக்கோ கூட்டம் தாங்கவில்லை. சித்தப்பா மகன் டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டுப் போட எந்த நேரத்தில் போகலாம் என்று கேட்டான். அப்பாவின் கடைக்கு வருகிறவர்கள் போர் போடுவதற்கு இந்தப் பெயர்ச்சி நல்லதா அடுத்ததா என்று விசாரித்தார்கள். அப்பாவும் கொஞ்சமும் கூச்சப்படாமல் எனக்குப் போன் போட்டுக் கேட்டார். என் நெறியாளரின் மனைவி மட்டும் நேரடியாகக் கேட்காமல், வியாழன் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார்.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கல்யாணம் கூடுகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். அவருடைய அம்மாவுக்கு மட்டும் சின்னதாக ஒரு உறுத்தல். எதற்கும் ஒரு பரிகாரம் செய்துவிடலாம் என்றார். வேகமாக ஓடினாலும் அஸ்தங்கம் அஸ்தங்கம்தானே என்பது அவர் வாதம். அதையும் குறை சொல்ல முடியாது, அந்த வீட்டில் என் கிரகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை இரண்டு குடும்பமும் கோயிலில் கூடினோம். நவக்கிரகச் சன்னிதியில் குருவுக்கு மஞ்சள் துணி சாத்தி, கொண்டைக்கடலை மாலை போட்டார்கள். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்றார். என் பேருக்கு என்று நான் சொல்லப் போனேன். தாய்மாமன் தடுத்தார். தோஷம் பெண்ணுக்கு இல்லை, கிரகத்துக்கு. அதனால் அர்ச்சனையும் கிரகத்தின் பேருக்குத்தான் செய்ய வேண்டும் என்றார். அப்பா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். நான் அந்த எழுத்தையும் எண்ணையும் சொன்னேன். குருக்கள் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். என்ன நட்சத்திரம் என்று கேட்டார். அதற்கும் நம்பர்தான் இருக்கிறது என்றேன்.

அவர் எத்தனையோ விதமான பேர்களைப் பார்த்தவர். அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அர்ச்சனை செய்தவர். கொஞ்சமும் கலங்கவில்லை. அந்த எழுத்தையும் எண்ணையும் ராகத்தோடு இழுத்து, நாமதேயஸ்ய என்று சேர்த்து, சகுடும்பஸ்ய என்று முடித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் கிரகத்துக்குக் குடும்பமே கிடையாது. இந்த வகைக் கிரகங்கள் பெரும்பாலும் தனிக்கட்டைகள். எங்கோ தூரத்தில் பிறந்து நட்சத்திரத்தை நோக்கி நகர்ந்து வரும்போது, வழியில் இருந்த அண்ணன் தம்பிகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு வந்திருக்கும் என்று எங்கள் துறையில் ஒரு கருத்து உண்டு. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். இதை நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன், அவருக்கு நினைவிருந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு அன்பு பொங்கியது. கோயிலாக இல்லாவிட்டால் கையைப் பிடித்திருப்பேன்.

உறுதிவார்த்தைக்கு, அதாவது நிச்சயத்துக்கு, நாள் குறித்தார்கள். அம்மா கூறைப்புடவைக்குக் கடை கடையாக ஏற ஆரம்பித்தாள். உறவுக்காரர்கள் எல்லோரும், என்னவோ கம்ப்யூட்டரில் செய்கிறாள் என்று சொல்வதை விட்டுவிட்டு, நம்ம பொண்ணு கெரகம் பார்க்கிறா என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எதையும் திருத்தவில்லை.

உறுதிவார்த்தைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் போன் செய்து, வழக்கமான பேக்கரிக்கு வர முடியுமா என்று கேட்டார். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. டீ சொன்னார். வந்த டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டதாம். அதே வாரம் கிணற்று மோட்டாரும் புகைந்துவிட்டதாம். மாமன் உடனே பஞ்சாங்கத்தைத் திறந்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மோட்டாரை அப்பாவின் கடைக்கு அனுப்பச் சொன்னேன். அவருடைய அம்மாவுக்கு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். அவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் இதையெல்லாம் நம்பறதில்லீங்க. அது உங்களுக்கே தெரியும்” என்றார். “இருந்தாலும் ஒருக்கா உங்க வாயால கேட்டுக்கலாம்னு வந்தனுங்க. நீங்க அதையேதான படிக்கறீங்க. அந்தக் கெரகத்துல நெசமாலுமே தோசம் எதும் இல்லீங்கல்ல?”

கேலிக்குக் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமன் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இவரிடம் இரண்டும் முடியவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிம்மதியாக டீயைக் குடிப்பார், அடுத்த வாரம் உறுதிவார்த்தை நடக்கும். ஆனால் வீடு என்றால் மோட்டார் புகையத்தான் செய்யும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும். தென்னைக்கு நோய் வரும். யாராவது வழுக்கி விழுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், என் மடிக்கணினியை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சிரித்துக்கொண்டே வந்து, நான் நம்பறதில்லீங்க என்று ஆரம்பிப்பார். ஆயுசுக்கும் அந்தக் கேள்விக்கு நான் இல்லை, இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வரும்போலிருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

“இருக்குதுங்க” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “பெருசுங்களா?”

“பெருசுதானுங்க. பரிகாரத்துல எல்லாம் தீராதுங்க.”

அவர் மெதுவாகத் தலையாட்டினார். என்ன தோஷம் என்று கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. நான் ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினால், பிழைக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறாய், இன்னொரு தொலைநோக்கியில் சரிபார்த்தாயா, நட்சத்திரத்தில் இருக்கும் கரும்புள்ளியைக் கிரகம் என்று நினைத்துவிட்டாயா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி வரும். இரண்டு பக்கப் பதிலுக்கு ஆறு மாதம் போராட வேண்டும். அன்றைக்கு ஒரு தரவும் இல்லாமல், ஒரு படமும் இல்லாமல் நான் சொன்ன முடிவை அன்னூரும் பொள்ளாச்சியும் சாயங்காலத்துக்குள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டன. படித்த பெண்ணே சொல்லிவிட்டாள் என்று தரகர் போன் செய்தார். தாய்மாமன் வேகக் குருவைப் பற்றி ஓர் எச்சரிக்கை வீடியோ போட்டார், முந்தைய வீடியோக்களைவிட அதற்குக் கூட்டம் அதிகம்.

அப்பா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார். நான்தான் அப்படிச் சொன்னேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உனக்குத் தெரியாததா கண்ணு, இருந்தாத்தான சொல்லுவ” என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பேக்கரியில் விட்டுவிட்டு வந்த மனிதருக்காகத்தான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எப்படியும் அவர் கூப்பிடுவார் என்று ஒரு நப்பாசை. ‘யோசித்துப் பார்த்தேன், நீங்கள் கோபத்தில் சொன்னதுதானே’ என்று கேட்பார். ஆமாம் என்று சொல்வதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் கூப்பிடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனில் ஒரு செய்தி வந்தது.

‘மறைக்காம உண்மையச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க’ என்று எழுதியிருந்தார்.